செங்கல் துண்டு வைத்த வீடு

எனக்கு நன்றாகப் பேச வரும். இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்த காலம் ஒன்று இருந்தது. இப்போது யாராவது "நீங்க நல்லாப் பேசறீங்க" என்றால் காது மடல் சூடாகிவிடுகிறது. தண்ணீர் குடிக்கப் போகிற மாதிரி எழுந்து போய்விடுகிறேன்.

ராசிபுரத்தில் மாடிப்படிக்குக் கீழே ஓர் அறை, இரண்டு மேசை, சத்தம் போடும் மின்விசிறி ஒன்று. அதுதான் எங்கள் அலுவலகம். எச்.ஐ.வி. தடுப்பு வேலை. லாரி நிற்கிற இடங்கள், லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகள், ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி ஆபீஸ் வாசல்கள் என்று நான் நின்று பேசாத இடம் இந்தப் பக்கத்தில் கிடையாது. மரத்தில் செய்த மாதிரியைக் கையில் பிடித்துக்கொண்டு ஆணுறை போடும் விதத்தை டிரைவர்களுக்குக் காட்டியிருக்கிறேன். முதல் வருடம் யார் முகத்தையும் பார்க்காமல்தான் செய்தேன். அதற்கப்புறம் யாராவது சிரித்தால், "சிரிக்கறவருதான் மொதல்ல வந்து செஞ்சு காட்டோணும், வாங்க" என்று கூப்பிடுவேன். சிரிப்பு அடங்கிவிடும். கொசு கடித்தால் வருமா, ஒரே டம்ளரில் குடித்தால் வருமா, முடிவெட்டும் கடையில் வருமா, எதைக் கேட்டாலும் பதில் நாக்கு நுனியில் இருக்கும். ஒரு கேள்விக்கு "தெரியாது" என்று சொன்னதாக எனக்கு நினைவே இல்லை.

அப்படி இருக்கும்போதுதான் மேலிடத்திலிருந்து புதிதாக ஒன்று சொன்னார்கள். இனிமேல் திட்டத்தை நாங்கள் போடக் கூடாதாம். பரிசோதனை வண்டி எங்கே நிற்க வேண்டும், எந்த மாதத்தில் கூட்டம் வைத்தால் ஆண்கள் ஊரில் இருப்பார்கள், ஆணுறைப் பெட்டியை எந்தச் சுவரில் மாட்டினால் கூச்சமில்லாமல் எடுப்பார்கள், எல்லாவற்றையும் ஊர்க்காரர்களும் அந்த நோயோடு வாழ்கிறவர்களும் சேர்ந்து உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டுமாம். நாங்கள் எழுதிக்கொண்டால் போதுமாம். எனக்குச் சுருக்கென்றது. இத்தனை வருடம் வெயிலில் அலைந்தவள் நான், இனி ஓரத்தில் உட்கார்ந்து நோட்டில் கிறுக்க வேண்டுமா? இரண்டு நாள் எல்லோரிடமும் எரிந்து விழுந்தேன். மூன்றாம் நாள், செய்வதென்று ஆகிவிட்டால் நம்மை மிஞ்ச ஆள் இருக்கக் கூடாது என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டேன். என் புத்தி அப்படி.

முதலில் எடுத்துக்கொண்டது நாமகிரிப்பேட்டை ரோட்டிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ஒரு சின்ன ஊர். பாதி வீட்டு ஆண்கள் லாரியில் இருப்பார்கள், அல்லது ரிக் வண்டியில் ஆந்திரா, மத்தியப் பிரதேசம் என்று மாதக்கணக்கில் போர் போட்டுக்கொண்டிருப்பார்கள். ஊர்த் திருவிழாவுக்கு, எங்கள் பேச்சில் நோம்பிக்குத்தான், வீடு திரும்புவார்கள். அந்த ஊரில் எனக்கு ஒருத்தியைத் தெரியும். அவளை நம்பித்தான் அந்த ஊரையே எடுத்தேன்.

அவள் அங்கே தொடக்கப் பள்ளியில் சத்துணவு சமைக்கிறவள். என்னைவிடப் பத்து வயது சின்னவள். நான் அவளை அம்மிணி என்பேன், அவள் என்னை அக்கா என்பாள். அவள் வீட்டுக்காரர் ரிக் வண்டியில் டிரில்லராக இருந்து இறந்தவர். மஞ்சள்காமாலை என்று ஊருக்குச் சொல்லியிருந்தாள். அவர் போன பிறகு அவளைப் பரிசோதனைக்குக் கூட்டிக்கொண்டு போனவள் நான்தான். அவளுக்கு இருந்தது. அப்போது பால்வாடிக்குப் போய்க்கொண்டிருந்த மகளுக்கு இல்லை. அந்த முடிவு வந்த அன்று பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து இரண்டு பன் வாங்கி ஒன்றை என் கையில் திணித்தாள். "தின்னுங்கக்கா, என்ற புள்ள தப்பிச்சுக்கிச்சு" என்று அழுதுகொண்டே சிரித்தாள். அன்றிலிருந்து தினமும் மாத்திரை சாப்பிடுகிறாள். உள்ளூரில் வாங்கினால் பார்த்துவிடுவார்கள் என்று மாதம் ஒருமுறை இரண்டு பஸ் மாறி வேறு ஜில்லாவுக்குப் போய் வாங்கி வருவாள். டப்பா குலுங்கினால் சத்தம் வருமே என்று உள்ளே பஞ்சை அடைத்து அரிசி டிரம்முக்குள் வைப்பாள். மகள் கேட்டால் தைராய்டு மாத்திரை.

திட்டக் கூட்டத்துக்கு அவளைக் கூப்பிட்டபோது உடனே ஒத்துக்கொள்ளவில்லை.

"எனக்கு என்னக்கா தெரியும்? நீங்களே பேசிப்போடுங்க."

"இதுல நான் பேசவே கூடாதாம் அம்மிணி. உன்னாட்டம் இருக்கறவிய வந்தாத்தான் திட்டம் உருப்படும்."

கொஞ்ச நேரம் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே இருந்தாள். பிறகு சொன்னாள். "புள்ள இப்பப் பன்னெண்டாவது. பரிச்ச முடியட்டும்னு இருக்கறேன். முடிஞ்ச அன்னிக்கு அவளக் கூட்டிக்கிட்டு எங்கியாச்சும் கோயிலுக்குப் போயி, ஒக்கார வெச்சு, அவங்கப்பனப் பத்தியும் என்னப் பத்தியும் நானே சொல்லிப்போடுவேன். என்ன சொல்லோணும்னு மனசுக்குள்ள எப்பவோ சேர்த்து வெச்சுட்டேன். அது வரைக்கும் வேற யாரு வாய்லயும் அவ கேக்கக் கூடாதுங்கக்கா. அது ஒண்ணுதான்."

"என்ற உசுரு இருக்கற வரைக்கும் கேக்க மாட்டா" என்றேன். உயிரைப் பணயம் வைத்துப் பேசுவதில் நான் கெட்டிக்காரி.

கூட்டத்தை ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் சமுதாயக் கூடத்து வாசலில் வைத்தேன். பக்கத்தில் மாரியம்மன் கோயில், எதிரே பால் ஊற்றும் சொசைட்டி. பத்துப் பேர் வந்தார்கள். லாரிக்காரர்களின் மனைவிகள், வண்டியை விட்டு நின்றுவிட்ட இரண்டு டிரைவர்கள், அவர்களோடு கலந்து மாத்திரை சாப்பிடுகிற மூன்று பேர். அந்த மூன்று பேர் யார் என்று மற்றவர்களுக்குத் தெரியாது, அவர்களுக்குள்ளும் தெரியாது. அப்படித்தான் ஏற்பாடு செய்திருந்தேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

பயிற்சியில் சொல்லிக்கொடுத்த மாதிரி கோலமாவை நடுவில் வைத்து, "உங்க ஊரை நீங்களே வரைங்க" என்றேன். முதலில் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். அப்புறம் பார்க்க வேண்டுமே! ஒருத்தி தெருவை இழுத்தாள், இன்னொருத்தி தண்ணித் தொட்டியை வைத்தாள், "என்ற ஊட்ட உட்டுட்டியே" என்று ஒரு சண்டை. அரை மணி நேரத்தில் ஊர் முழுக்க வீடு வீடாகத் தரையில் விழுந்துவிட்டது. கோயில் இருந்த இடத்தில் ஒருத்தி மஞ்சளும் குங்குமமும் வைத்தாள். வெளியூர் வண்டிக்குப் போனவர் வீட்டுக்குப் புளியங்கொட்டை. கல்யாணம் ஆகாத இளவட்டம் உள்ள வீட்டுக்குச் சோளம். நான் வாயைத் திறக்கவே இல்லை. அவர்களே பேசினார்கள், அவர்களே மறுத்தார்கள், அவர்களே முடிவு செய்தார்கள். மார்கழியில் கூட்டம் வைத்தால் ஈ, காக்கா வராது, பங்குனி நோம்பிக்குத்தான் ஆண்கள் வருவார்கள் என்று ஒரு டிரைவரின் மனைவி சொன்னாள். இது எனக்கு இத்தனை வருடம் தோன்றவே இல்லை.

அப்போது இன்னொருத்தி, "மாசாமாசம் தூரத்து ஆஸ்பத்திரிக்குப் போயி ஒரு நாள் கூலி போகுது பாருங்க, அந்த ஊட்டுக்கும் ஏதாச்சும் வையுங்க" என்றாள். எனக்குத் துள்ளிக் குதிக்கலாம் போல இருந்தது. நோயின் பெயரைச் சொல்லாமலே, மாத்திரையைப் பக்கத்தில் கொண்டுவர வேண்டும் என்று கேட்க இதைவிட நல்ல வழி ஏது? "வையுங்க, வையுங்க" என்றேன். ஓரத்தில் உடைந்து கிடந்த செங்கல்லைப் பொறுக்கி வந்தார்கள். டயாலிசிஸ் செய்துகொள்கிறவர் வீட்டில் ஒரு துண்டு. இதய ஆபரேஷன் ஆன பெரியவர் வீட்டில் ஒரு துண்டு. சர்க்கரைக்காரர்களுக்கு மாத்திரை வீட்டுக்கே வந்துவிடுவதால் அவர்களுக்கு இல்லை. மூன்றாவது துண்டு அம்மிணியின் கையில் இருந்தது.

கையில் வைத்து உருட்டிக்கொண்டே என்னைப் பார்த்தாள். வைக்கட்டுமா, வேண்டாமா என்று கண்ணாலேயே கேட்டாள். நான் தலையை ஆட்டினேன். வை, இதில் என்ன இருக்கிறது என்கிற மாதிரி ஆட்டினேன். அவள் குனிந்து மூன்றாம் தெருவில் தன் வீட்டுக் கட்டத்தில் அதை வைத்தாள்.

நான் எல்லாவற்றையும் பெரிய தாளில் நகல் எடுத்து முடிக்கும்போது பொழுது சாய்ந்துவிட்டது. நகல் எடுத்ததும் தரையை அழித்துவிட வேண்டும், அது பயிற்சியில் முதல் பாடம். சீமாறு எங்கே என்று கேட்டேன். கோயிலில் விளக்கு வைத்துவிட்டார்கள்.

"ஐயோ, வெளக்கு வெச்சாச்சுங்கக்கா. வெள்ளிக்கெழம வேற. இப்பப் போயி சீமாறு எடுக்கறதுங்களா?" என்றாள் ஒருத்தி.

"மஞ்ச குங்குமம் வெச்சிருக்குதுங்க. அதைப் போயிக் கூட்டித் தள்ளறதா?" என்றாள் இன்னொருத்தி.

விளக்கு வைத்த பிறகு எங்கள் பக்கத்தில் யாரும் கூட்ட மாட்டார்கள். வீட்டு லட்சுமியைக் கூட்டி வெளியே தள்ளுகிற மாதிரி என்பார்கள். நானும் அப்படித்தான் வளர்ந்தவள். என் வீட்டில் இன்றைக்கும் ஆறு மணிக்கு மேல் சீமாறு மூலையை விட்டு வராது. ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அந்த நேரத்தில் லட்சுமியும் இல்லை, குங்குமமும் இல்லை. ஏழு மணி பஸ்ஸை விட்டால் ஒன்பதுக்குத்தான் அடுத்தது. அவர்கள் வேண்டாம் என்றதும் எனக்குச் சௌகரியமாகப் போயிற்று. ஒரு குடம் தண்ணீரை ஊற்றியிருக்கலாம். செருப்புக் காலால் தேய்த்திருக்கலாம். "செரி, காலையில கூட்டிருங்க" என்று சொல்லிவிட்டு ஓடினேன். போதாததற்கு மேல்படியில் நான் சாக்பீஸால் எழுதிய எழுத்து அப்படியே இருந்தது. "எச்.ஐ.வி. தடுப்பு: எங்கள் ஊர், எங்கள் திட்டம்." அதன் கீழே கொட்டைக்கு என்ன அர்த்தம், சோளத்துக்கு என்ன அர்த்தம், செங்கல்லுக்கு என்ன அர்த்தம் என்று வரிசையாக. என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.

மறுநாள் காலையில் பால் ஊற்ற வந்தவர்கள் படித்தார்கள். தன் ஊரைத் தரையில் பார்த்தால் யாருக்குத்தான் ஆசை வராது? இது உன் வீடு, இது என் வீடு என்று ஆரம்பித்தது செங்கல்லில் வந்து நின்றது. டயாலிசிஸ்காரரைத் தெரியும். இதய ஆபரேஷனையும் தெரியும். மூன்றாவது வீட்டில் இருப்பது ஓர் அம்மாவும் மகளும், இரண்டு பேரும் குத்துக்கல்லாட்டம் இருக்கிறார்கள். அவர்கள் மாதாமாதம் எந்த ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள்? மேலே எழுதியிருப்பது என்ன? வீட்டுக்காரர் எதில் செத்தார்? கூட்டிக் கழித்துப் பார்க்க அதிக நேரம் ஆகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை எனக்குப் போன் செய்தாள். குரல் பதறவில்லை. எனக்குத்தான் பதறியது.

"அக்கா, செங்கல்லப் பத்திக் கேக்கறாங்க. தைராய்டுக்குப் போறேன்னு சொல்லீட்டேன். பாதிப் பேரு நம்பீட்டாங்க. நாளைக்குப் பள்ளிக்கொடத்துக்குப் பெத்தவங்க வாராங்களாம், டீச்சர் உங்களையும் கூப்புடுவாங்களாட்ட இருக்குது. கேட்டா நீங்களும் தைராய்டுன்னே சொல்லிப்போடுங்க. இல்லீனா எனக்குத் தெரியாதுன்னு சொல்லிப்போடுங்க. அது போதுங்க."

"நான் பாத்துக்கறேன், நீ ஒண்ணும் கவலப்படாத சாமி" என்றேன்.

அவள் கேட்டது ஒரே ஒரு வார்த்தை. அதைக்கூட அவளே யோசித்து, தயார் செய்து, என் வாயில் எடுத்து வைத்திருந்தாள்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் முப்பது நாற்பது பேர் நின்றார்கள். யாரும் கத்தவில்லை. எங்கள் பக்கத்தில் கோபத்திலும் ஒரு ங்க போட்டுத்தான் பேசுவார்கள். தலைமை ஆசிரியை, பாவம், கைக்குட்டையைப் பிசைந்துகொண்டிருந்தார். சமையல்கட்டு வாசலில் அவள் நின்றாள், கையில் கரண்டியோடு.

ஓர் அப்பா கேட்டார். "ஏனுங்க, ஒண்ணு கேக்கறேனுங்க, தப்பா நெனைக்காதீங்க. அந்த நோவு இருக்கறவிய சமைச்சா, அதைத் தின்னா, புள்ளைகளுக்கு வருமுங்களா?"

அவர் யார் பெயரையும் சொல்லவில்லை. "அது கெடக்குதுங்க, அவங்க தைராய்டுக்குப் போறாங்க" என்று நான் சொல்லியிருந்தால் பாதிக் கூட்டம் கலைந்திருக்கும். ஆனால் அந்தக் கேள்வி இருக்கிறதே, நான் எத்தனையோ வருடமாகப் பதில் சொல்லிப் பழகிய கேள்வி. காதில் விழுந்ததுமே எனக்குள் மோட்டார் ஓட ஆரம்பித்துவிட்டது. ஒரு படி மேலே ஏறி நின்றேன். சாப்பாட்டில் பரவாது, தண்ணீரில் பரவாது, தொட்டால் பரவாது, வியர்வையில் பரவாது என்றேன். ஒழுங்காக மாத்திரை சாப்பிடுகிறவர்கள் நம்மைப் போலவே ஆரோக்கியமாக இருப்பார்கள் என்றேன். சமைக்கிறவருக்கு இந்த நோய் இருந்தால்கூட அந்தச் சாப்பாட்டைப் பயமில்லாமல் சாப்பிடலாம், ஒதுக்கி வைப்பதுதான் பெரிய நோய் என்றேன். குரல் எங்கே ஏற வேண்டுமோ அங்கே ஏறியது, எங்கே இறங்க வேண்டுமோ அங்கே இறங்கியது. ஒரு பொய் இல்லை, ஒரு தப்பு இல்லை. பேசப் பேச எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகவே இருந்தது. இதை எழுதும்போது என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது. ஆனால் சந்தோஷமாகத்தான் இருந்தது.

பேசி முடித்தேன். முன்னால் நின்ற ஒரு தாய் மெதுவாகக் கேட்டாள்.

"அப்ப, அவிகளுக்கு இருக்குதுங்களா?"

எல்லாத் தலையும் சமையல்கட்டுப் பக்கம் திரும்பியது. அப்போதுதான் நான் என்ன செய்திருக்கிறேன் என்று எனக்கே உறைத்தது. இனி இல்லை என்று சொன்னாலும் யாரும் நம்ப மாட்டார்கள். அவள் என்னைப் பார்க்கவில்லை. கரண்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அத்தோடு விட்டேனா? அதுதான் இல்லை. பேச்சு போன இடத்தில் வேறு எதையாவது வைத்துச் சரிக்கட்ட வேண்டும் என்று, நேராகச் சமையல்கட்டுக்குப் போய் ஒரு தட்டை எடுத்தேன். "போடு அம்மிணி" என்றேன். தக்காளி சாதமும் ஒரு முட்டையும் போட்டாள். எல்லோரும் பார்க்க மரத்தடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து அதைத் தின்றேன். "பாத்தீங்களா, நானே சாப்புடறேன்" என்று வாயில் சோறோடு சொன்னேன். பிள்ளைகளைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு ஒவ்வொருவராகப் போனார்கள். நான் மட்டும் தின்றுகொண்டிருந்தேன்.

வேலை போகவில்லை. அவளை யாரும் நீக்க முடியாது என்று தலைமை ஆசிரியை உறுதியாக நின்றார். அதற்கு நான் எந்த வகையிலும் காரணம் இல்லை. ஆனால் மறுநாளிலிருந்து பிள்ளைகள் டிபன் டப்பாவோடு வந்தார்கள். அவள் சமைத்தாள். சமைத்தது அண்டாவில் அப்படியே கிடந்தது.

அதையெல்லாம்கூட அவள் தாங்கியிருப்பாள். அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம் நாமகிரிப்பேட்டையிலிருந்து பள்ளி முடிந்து வந்த டவுன் பஸ்ஸில், பக்கத்து இருக்கையில் இருந்த ஒரு பெண் அம்மிணியின் மகளிடம் கேட்டாளாம். "உங்கம்மாவுக்கு எய்ட்ஸாமே, உங்கப்பாவும் அதுலதான் செத்தாராமே, ராசிபுரத்துல இருந்து ஒரு ஆபீசம்மா வந்து மைக் இல்லாமலே சொல்லீட்டுப் போனாங்களாமே." பரீட்சைக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது.

பத்து நாள் நான் அந்தப் பக்கம் போகவில்லை. வேலை இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு வேலையும் இல்லை. மேசையில் உட்கார்ந்து அந்த வரைபடத் தாளைச் சுருட்டுவதும் விரிப்பதுமாக இருந்தேன். பதினோராம் நாள் போனேன்.

"உள்ள வாங்கக்கா" என்றாள். அவள் அப்படித்தான் சொல்வாள், வேறு எப்படிச் சொல்வாள்? கட்டிலில் மகள் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தலை நிமிரவில்லை. அரிசி டிரம்மின் மேல், வெளியில், மாத்திரை டப்பா இருந்தது. இனி ஒளித்து என்ன ஆகப்போகிறது? நான் மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன், சாமி சத்தியமாக. ஆனால் வந்தது விளக்கம். அன்றைக்கு விளக்கு வைத்துவிட்டார்கள், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, கேள்வி அப்படி வந்தது, நான் பொதுவாகத்தான் சொன்னேன். சொல்லிக்கொண்டே போனேன்.

அவள் முழுக்கக் கேட்டாள். பிறகு, "நீங்க பேசறது நல்லாத்தான் இருக்குதுங்கக்கா. எல்லாரும் அதையேதான் சொல்றாங்க" என்றாள்.

சாப்பிடுகிறீர்களா என்று கேட்டாள். சரி என்று தலையாட்டினேன். தட்டை எடுக்கப் போனவள் நின்று, "பசிச்சாச் சாப்புடுங்கக்கா. காட்டறதுக்குன்னா வேண்டாங்க" என்றாள். கட்டிலில் புத்தகத்தின் பக்கம் புரளும் சத்தம் நின்றது. எனக்குப் பசிக்கவில்லை. தண்ணீர் மட்டும் வாங்கிக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

திட்டக் கூட்டம் அடுத்து நடந்தது எட்டு மாதம் கழித்து. நடத்த வேண்டாம், அந்த ஊரையே விட்டுவிடலாம் என்று எங்கள் அலுவலகத்தில் எழுதிக்கொடுத்திருந்தேன். கூட்டம் வேண்டும் என்று போன் செய்து கேட்டது அவள்தான். "திட்டம் எங்களுதுன்னு சொன்னீங்க. பாதியில உட்டா எப்புடிங்க?" என்றாள். அதற்குள் பிள்ளைகளில் பாதிப் பேர் மறுபடி தட்டைத் தூக்கிக்கொண்டு வர ஆரம்பித்திருந்தார்கள். என் பேச்சால் அல்ல. சோற்று வாசனையில், முட்டை ஆசையில், அவர்களாக வந்தார்கள். மகள் பரீட்சையில் தேறி ஈரோட்டுப் பக்கம் கல்லூரியில் விடுதியில் சேர்ந்துவிட்டாள். லீவுக்கும் அதிகமாக வருவதில்லை என்று கேள்விப்பட்டேன்.

அதே சமுதாயக் கூடம். இந்த முறை கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்தோம். கோலமாவு இல்லை. நான் நோட்டும் பேனாவுமாக ஓரத்தில் உட்கார்ந்தேன், இந்த முறை யாரும் சொல்லாமலே. திட்டத்தில் முதலில் எதை எழுதலாம் என்று கேட்டேன். எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

"ரெண்டு எழுதிக்கங்கக்கா" என்றாள். "தரையில எது வரைஞ்சாலும், எந்திரிக்கறதுக்கு முன்னாடி அழிச்சுப்போடோணும். வெளக்கு வெச்சிருந்தாலும் செரி, வெள்ளிக்கெழமையா இருந்தாலும் செரி. அந்தப் பாவம் நம்ம எல்லாருக்கும் பங்காப் போகட்டும்." விளக்கு வைத்தாயிற்று என்று அன்றைக்குச் சொன்னவள் குனிந்துகொண்டாள். நான் எழுதினேன்.

"ரெண்டாவது, இந்த வேல பாக்கறவங்க எல்லாரும், 'தெரியாதுங்க'ன்னு சொல்லப் பழகோணும். நோவப் பத்தி எல்லாந் தெரிஞ்சிருக்கலாம். ஆளப் பத்திக் கேட்டா ஒண்ணும் தெரியக் கூடாது. ஒரு ஆள மனசுல வெச்சுக்கிட்டு நோவப் பத்திக் கேட்டாலும் தெரியக் கூடாது. அந்த நேரத்துல வெளக்கம் சொல்லக் கூடாது. சொல்லிச் சொல்லிப் பழகுனாத்தான் வரும்."

பழகலாம் என்றார்கள். இரண்டு இரண்டு பேராகப் பிரிந்து, ஒருவர் ஊர்க்காரராகக் கேட்க வேண்டும், மற்றவர் பதில் சொல்ல வேண்டும். எனக்கு ஜோடியாக அவளே வந்து எதிரில் உட்கார்ந்தாள். மற்றவர்கள் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

"ஏனுங்க, மூணாவது தெருவுல அந்த ஊட்டுல யாருக்குங்க ஒடம்பு செரியில்ல?"

"தெரியாதுங்க."

"மாசாமாசம் ரெண்டு பஸ்ஸு மாறி எங்கீங்க போறாங்க?"

"தெரியாதுங்க."

"அந்த நோவு இருக்கறவிய சமைச்சா புள்ளைகளுக்கு வருமுங்களா?"

நாக்கு தானாக அசைந்தது. அந்தப் பழைய பேச்சு முழுக்கத் தொண்டை வரை வந்து நின்றது. பல்லைக் கடித்தேன். "எனக்குத் தெரியாதுங்க" என்றேன். எல்லோரும் கைதட்டிச் சிரித்தார்கள். அவளும் கொஞ்சம் சிரித்தாள். இத்தனை சுலபமாக இருந்தது அது, மூன்றே நொடி வேலை.

சிரிப்பு அடங்கியதும் அவள் குரலைத் தாழ்த்தாமல், அதே ஊர்க்காரர் தோரணையில், இன்னும் ஒன்று கேட்டாள்.

"அந்த ஊட்டுப் புள்ளைக்கு, அவங்கம்மாவப் பத்தி மொதல்ல யாருங்க சொன்னது?"

பழகிய வார்த்தை வாயில் தயாராக இருந்தது. சுற்றி நின்றவர்களும் அதைத்தான் எதிர்பார்த்தார்கள். நான் நோட்டை மூடி மடியில் வைத்தேன்.

"நான்தான் அம்மிணி" என்றேன்.

"ஆமாங்கக்கா" என்றாள் அவள்.